நைனாவின் சட்டையும் அம்மாவின் மூச்சும்

நைனா வேலை முடிந்து வந்தால் நேராக வீட்டுக்குள் வரமாட்டார். வாசலிலேயே சட்டையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டுத்தான் படியேறுவார். துறைமுகத்தில் ஒரு காண்டிராக்டரிடம் கரி இறக்கும் வேலை அவருக்கு. அம்மா அந்தச் சட்டையை நனைப்பதற்கு முன் சந்தின் முனைக்குக் கொண்டுபோய் நாலு உதறு உதறுவாள். உதறும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வாள். அவளுக்குத் தெரிந்த பாதுகாப்பு அது ஒன்றுதான். மூன்றாவது தண்ணீர் மாற்றும்வரை வாளி கறுப்பாகவே இருக்கும்.

நைனா 2006-இல் இறந்தார். அதற்கு முன்பே அம்மாவுக்கு இழுப்பு வந்திருந்தது. மறு வருடம், யாரோ சொன்னதைக் கேட்டு நானும் அம்மாவும் ஒரு அலுவலகத்துக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார்: "ஏம்மா, வேலைக்குப் போனது உங்க வூட்டுக்காரரு. மூச்சு வாங்குறது உங்களுக்கு. ரெண்டுத்துக்கும் இன்னா சம்பந்தம்?"

"துணி தொவைச்சது நான்தானே சார்," என்றாள் அம்மா.

அவர் சிரித்தார். அதை எழுத அவரிடம் படிவம் இல்லை.

எங்கள் சந்தில் மிலிட்டரி தாத்தா என்று ஒருவர் இருந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர். அவருக்கும் இழுப்புதான். மழைக்காலத்து இரவுகளில் அவர் வீட்டு இருமலும் எங்கள் வீட்டு இருமலும் மாறி மாறிக் கேட்கும். ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்டு அவர் போட்ட மனு முதலில் தள்ளுபடியானது. பல வருடம் கழித்து மேல்முறையீட்டில் கிடைத்தது. இனிப்புப் பொட்டலத்தோடு வந்தவரிடம் எப்படி நிரூபித்தீர்கள் என்று கேட்டேன். "நான் எங்கம்மா நிரூபிச்சேன்? நான் சேரும்போது நல்லா இருந்தேன்னு அவங்களே எழுதி வெச்சிருந்தாங்க. அதுவே போதும்னுட்டாங்க," என்றார்.

அன்று அவர் சொன்னது எனக்கு முழுதாகப் புரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஒருவர் படையில் சேரும்போது எடுத்த மருத்துவக் குறிப்பில் நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால், அவர் ஆரோக்கியமாகத்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பின்னால் உடல் கெட்டால் அது பணியால் வந்தது என்றே அனுமானிக்க வேண்டும். இல்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது அல்ல, மறுப்பவர்களுடையது.

தாத்தாவுக்குக் கிடைத்தது நியாயம். அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் கல்யாணமாகி ராயபுரம் வந்த அன்று என் அம்மாவின் நெஞ்சில் யாரும் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து, 'நன்றாக இருக்கிறாள்' என்று எழுதி வைக்கவில்லை. சீர்வரிசைக்கு மட்டும் பட்டியல் போட்டார்கள். நச்சால் கெட்ட உடலுக்கு இழப்பீடு கேட்ட வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது: நிரூபிக்க வேண்டியவர் யார்?

எங்கள் பக்கத்தில் போர் என்றால் எம்டன்தான். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் சுட்டதில் துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. கப்பல் போனபின் அதன் பெயர், கெட்டிக்காரத்தனமான ஆளைக் குறிக்கும் சொல்லாக நம் வாயில் தங்கிவிட்டது. நச்சு வேதிப்பொருள் நடத்திய போர் வேறு விதமானது. அது குண்டுபோல வெடித்து முடிவதில்லை. இருபது வருடம் கழித்து ஒருவர் படுக்கையில் விழும்போதுதான் தெரியவரும். அப்போது 'இது அதனால் வந்தது' என்று சொல்ல ஆதாரம் கையில் இருக்காது.

நம் மண்ணின் வீரர்களுக்கே இது நடந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பும் போரின்போதும் பிரிட்டனின் போர்ட்டன் டவுன் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள், ராவல்பிண்டியில் இந்திய வீரர்கள் நூற்றுக்கணக்கானவர்கள் மேல் கடுகு வாயுவைச் சோதித்துப் பார்த்தார்கள். வெள்ளையர் தோலும் இந்தியர் தோலும் ஒரே மாதிரி வெந்துபோகுமா என்று அறிய விரும்பினார்கள். பலருக்குக் கடுமையான தீக்காயங்கள். இது 2007-இல்தான் செய்தியாக வெளியே வந்தது. கொப்புளங்களைக் கவனமாகக் குறித்துவைத்தவர்கள், அந்த மனிதர்கள் ஊருக்குத் திரும்பியபின் என்ன ஆனார்கள் என்று தொடர்ந்து பார்க்கவில்லை. அவர்களுடைய மனைவிமார் எத்தனை ஆண்டு அந்தப் புண்ணுக்கு மருந்து போட்டார்கள் என்பதற்கும் குறிப்பு இல்லை.

இந்தக் கணக்கு மாறத் தொடங்கியது வியட்நாம் போருக்குப் பிறகு. 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் வியட்நாமின் காடுகள் மேலும் வயல்கள் மேலும் ஏழு கோடி லிட்டருக்கும் அதிகமான களைக்கொல்லியைத் தெளித்தன. அதில் பெரும்பங்கு ஏஜென்ட் ஆரஞ்சு. பீப்பாயில் போட்டிருந்த ஆரஞ்சுப் பட்டையால் வந்த பெயர். அதைத் தயாரிக்கும்போது கழிவாக உண்டான டையாக்சின் அதிலேயே கலந்திருந்தது. டௌ, மான்சாண்டோ உள்ளிட்ட நிறுவனங்கள் அதைச் செய்து கொடுத்தன.

வீரர்கள் வீடு திரும்பினார்கள். சில வருடங்களில் புற்றுநோய், தோல் நோய், குறைபாடுகளோடு பிறந்த குழந்தைகள். போருக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் டாக்டர் அல்ல, தளபதி அல்ல; சிகாகோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனுக்களைப் பார்த்துவந்த ஒரு கறுப்பினப் பெண். பெயர் மாட் டெவிக்டர். 1977-இல் புற்றுநோயால் துன்பப்பட்ட ஒரு வீரரின் மனைவி அவருக்குத் தொலைபேசியில் பேசினார். வியட்நாமில் தெளித்த மருந்துதான் தன் உடம்பைக் கெடுத்தது என்று கணவர் சொன்னதாகச் சொன்னார். டெவிக்டர் அந்தப் பேச்சை ஒதுக்கிவிடவில்லை. தன்னிடம் வந்த மற்றவர்களிடமும் கேட்கத் தொடங்கினார். எங்கே இருந்தீர்கள், எப்போது இருந்தீர்கள், இப்போது என்ன செய்கிறது என்று பட்டியல் போட்டார். வேலையை விடச் சொல்லி மேலிடத்தார் அழுத்தம் கொடுத்தபின்பும் விடவில்லை. 1978-இல் சிகாகோ தொலைக்காட்சியில் வந்த ஆவணப்படம் அந்தப் பட்டியலிலிருந்து பிறந்ததுதான். பின்னாளில் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

ஒரு மனைவி சொன்னதை ஒரு பெண் ஊழியர் எழுதிக்கொண்டார். எங்கள் அலுவலகத்தில் நடக்காமல் போனது அங்கே நடந்தது.

இழப்பீடு எளிதில் வரவில்லை. வீரர்கள் தொடுத்த வழக்கில் 1984-இல் ஏழு நிறுவனங்கள் 18 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. பங்கிட்டபோது, முழுதும் முடங்கிப்போன ஒரு வீரருக்கு அதிகபட்சம் 12,000 டாலர் அளவில், அதுவும் பத்து வருடங்களில் பிரித்துக் கிடைக்கும் என்று ஆனது. கணவனை இழந்த பெண்ணுக்கு 3,700 டாலர் அளவில்.

உண்மையான மாற்றம் 1991-இன் ஏஜென்ட் ஆரஞ்சு சட்டத்தில் வந்தது. 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரை நீங்கள் வியட்நாமில் பணியாற்றியிருந்து, பட்டியலில் உள்ள நோய் உங்களுக்கு இருந்தால், அந்த நோய் அந்த நஞ்சால் வந்தது என்றே அரசு எடுத்துக்கொள்ளும். எந்த நாள், எந்தப் பீப்பாய், எத்தனை துளி என்று நீங்கள் காட்ட வேண்டாம். அங்கே இருந்தீர்கள் என்பதே போதும். பட்டியலும் வளர்ந்தது. 2001-இல் இரண்டாம் வகை நீரிழிவு சேர்ந்தது. 2022-இல் உயர் ரத்த அழுத்தம் சேர்ந்தது. அதே 2022 சட்டம், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குப்பை எரிக்கும் குழிகளின் புகையைச் சுவாசித்த வீரர்களுக்கும் இந்த அனுமானத்தை விரித்தது.

ஆனால் 'அங்கே இருந்தவர்' யார் என்று ஒரு கோடு போட வேண்டும் அல்லவா? அந்தக் கோட்டைக் கவனித்தால் நிறையத் தெரியும்.

கரையோரக் கப்பல்களில் பணியாற்றிய கடற்படையினரை, நிலத்தில் கால் வைக்கவில்லை என்று சொல்லிப் பல வருடம் வெளியே வைத்திருந்தார்கள். 2019-இல் தனிச் சட்டம் வந்துதான் அவர்கள் உள்ளே வந்தார்கள். கடலோரத்தில் வாழும் நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். காற்று கரையோடு நின்றுவிடுமா?

பெண்கள் விஷயத்தில் கோடு வேறு மாதிரி விழுந்தது. வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்கப் பெண்களில் பெரும்பாலோர் செவிலியர். 2000-இல் வந்த சட்டம், அவர்களுக்குப் பலவகையான பிறவிக் குறைபாடுகளோடு பிறந்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்தது. ஆண் வீரர்களின் பிள்ளைகளுக்கோ 1996-இன் சட்டப்படி முதுகெலும்புப் பிளவு என்ற ஒரே குறைபாட்டுக்குத்தான் உதவி. பெண்களுக்குக் கிடைத்ததில் மகிழ்ச்சியே. ஆனாலும் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் பழகிய குரல் ஒன்று கேட்கிறது: பிள்ளைக்குக் குறை என்றால் அது தாயின் வயிற்றிலிருந்து வந்தது. தகப்பன் உடம்பில் ஏறிய நஞ்சு பிள்ளைவரை போகும் என்று நம்ப, அறிவியலைவிட அதிகமாக வேறு எதுவோ தடுக்கிறது.

கோட்டுக்கு முற்றிலும் வெளியே நின்றவர்கள் வியட்நாமியர்கள். அந்த நிலத்தை விட்டுப் போகாதவர்கள். 2004-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் அவர்கள் தொடுத்த வழக்கு 2005-இல் தள்ளுபடியானது. 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் விசாரிக்க மறுத்தது. போர்க்காலத்தில் செய்தியாளராக இருந்தபோது மருந்துத் தெளிப்பில் நனைந்தவர் திரான் தோ ங்கா. அவருடைய முதல் பெண் குழந்தை இதயக் கோளாறோடு பிறந்து, பதினேழு மாதத்தில் இறந்துபோனது. பிரான்சில் குடியேறிய அவர் 2014-இல் ரசாயன நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டார். 2021-இல் தோற்றார். 2024 ஆகஸ்டில், எண்பது வயதைத் தாண்டிய நிலையில், பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றார். நிறுவனங்கள் அமெரிக்க அரசுக்காகச் செயல்பட்டவை, அவற்றை இங்கே விசாரிக்க முடியாது என்பது தீர்ப்பு. வானத்திலிருந்து தெளித்தவருக்கு ஓய்வூதியம்; கீழே நின்று நனைந்தவளுக்கு ஒன்றும் இல்லை.

வியட்நாம் நமக்குத் தொலைவு என்று நினைக்க வேண்டாம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பல வருடம் எவரெடி பேட்டரி ஆலை ஓடியது. டார்ச் லைட்டுக்குப் போடும் அந்தச் சிவப்புக் கட்டைகள் நம் வீடு எல்லாவற்றிலும் இருந்தன. அந்த ஆலை யூனியன் கார்பைடு இந்தியாவினுடையது. அதே கம்பெனியின் போபால் ஆலையிலிருந்துதான் 1984 டிசம்பர் 2 இரவு நச்சு வாயு கசிந்தது. 2001-இல் அமெரிக்காவின் யூனியன் கார்பைடை வாங்கியது டௌ. ஏஜென்ட் ஆரஞ்சைச் செய்த அதே டௌ.

போபாலில் போர் இல்லை, வீரர்கள் இல்லை. தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள். மருத்துவர்களின் கவனமெல்லாம் கண்ணிலும் நுரையீரலிலும் இருந்தபோது, 1985-இல் ராணி பங், மீரா சத்கோபால் என்ற இரண்டு பெண் மருத்துவர்கள் குடிசைப் பகுதிகளுக்குப் போய், பெண்களின் மாதவிடாய் பற்றியும் வெள்ளைப்படுதல் பற்றியும் கேட்டார்கள். கர்ப்பப்பை நோய்கள் பெருகியிருப்பதைக் கண்டு எழுதினார்கள். கேட்டால்தானே தெரியும். 1989-இல் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. காயம்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்தது 25,000 ரூபாய். கூடுதல் இழப்பீடு கேட்டு ஒன்றிய அரசு போட்ட சீராய்வு மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. போபால் தெருவில் நாற்பது வருடமாகப் போராடி வருபவர்களில் பெண்களே அதிகம். ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா இருவரும் 2004-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு பெற்றார்கள். நிரூபிக்கும் சுமையைத் தலையில் சுமந்தபடிதான் அவர்கள் டெல்லிவரை நடந்தார்கள்.

இனி எங்கள் கடற்கரைக்கு வருகிறேன். 2011-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளுவது நின்றது. ராயபுரத்துக் கொடிக் கயிறுகளில் துணி வெள்ளையாகக் காயத் தொடங்கியது. கரி எங்கே போனது? எண்ணூருக்கு. அங்கேயும் பெண்கள் துணி காயப்போடுகிறார்கள்.

2023 டிசம்பர் அந்தப் பகுதிக்குக் கொடுமையான மாதம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. அரசு நிவாரணம் அறிவித்தது: மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட மற்றக் குடும்பங்களுக்கு 7,500 ரூபாய். இந்தக் கணக்கின் அலகுகளைப் பாருங்கள். குடும்பம் ஓர் அலகு, படகு ஓர் அலகு. கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் பெண்ணுக்குப் படகு கிடையாது. எண்ணெய் முதலில் ஒட்டியது அவள் தோலில். அன்னக்கூடையில் மீன் சுமந்து விற்பவளுக்கும் படகு கிடையாது. 'எண்ணூர் மீன் வேணாம்மா' என்று வாசலில் கேட்டுத் திரும்பியவள் அவள். படகுக்கு ஒரு தொகை உண்டு. அவள் உடம்புக்கென்று தனியாக ஒன்று இல்லை.

எண்ணெய் அள்ளி முடிவதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், பெரியகுப்பம் கரையோரம் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாயில் அருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து சொன்னது. வரம்பு 400. ஆலைக்கு 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு விதிக்கப்பட்டது. ஆலையை மூடச் சொல்லி ஊர் மக்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அதில் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள்.

காற்றை அளந்தார்கள், கடல்நீரை அளந்தார்கள். அன்று இரவு அதைச் சுவாசித்த பெண்ணுக்குப் பத்து வருடம் கழித்து மூச்சு வாங்கினால், அவள் எந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டுவாள்?

நம் சட்டத்துக்கு இந்த அனுமானம் புதிதல்ல. 1923-இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே அது இருந்தது. குறிப்பிட்ட வேலையில் இருந்தவருக்கு அந்த வேலைக்கென்று பட்டியலிட்ட நோய் வந்தால், அதை வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ள வேண்டும் என்றது. அமெரிக்காவுக்கு 68 வருடம் முன்பே நாம் இதை எழுதிவிட்டோம். படைவீரருக்கு உண்டு, தொழிலாளிக்கு உண்டு. இருவரும் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள். சேர்ந்த நாள் உண்டு, விலகிய நாள் உண்டு. தொழிலாளியின் சட்டையை உதறியவளுக்கு வருகைப் பதிவேடு இல்லை. ஆலைச் சுவருக்கு வெளியே முப்பது வருடம் குடியிருந்தவளுக்கும் இல்லை. மாட் டெவிக்டர் கேட்ட கேள்விகளை நம் ஊரில் கேட்க வேண்டும்: எங்கே இருந்தீர்கள், எப்போது இருந்தீர்கள், இப்போது என்ன செய்கிறது? எண்ணூரின் ஒவ்வொரு பெண்ணின் மூச்சையும் வருடத்துக்கு ஒருமுறை அளந்து ஒரு கார்டில் எழுதிக் கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையத்தால் முடியும். ரேஷன் கார்டு, அவள் அங்கே இருந்தாள் என்பதற்குச் சாட்சி. இரண்டையும் சேர்த்து வைத்தால் அனுமானம் பேசத் தொடங்கும்.

அம்மா இப்போது இல்லை. அவளுடைய தங்கை, என் சித்தி, எர்ணாவூரில் இருக்கிறாள். போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் மாதக் காலண்டர். பால் வாங்கிய கணக்கு, சிலிண்டர் போட்ட தேதி, பேத்தி வயசுக்கு வந்த நாள், எல்லாம் பேனாவால் குறித்திருக்கிறாள். நடு நடுவே 'நா' என்று ஓர் எழுத்து. "இது இன்னா சித்தி?" என்றேன்.

"நாத்தம் அடிச்ச நாளு. ராத்திரியில கண்ணு எரியும். குறிச்சி வெச்சிருக்கேன்."

"எவ்ளோ நாளா?"

அவள் பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு கட்டு எடுத்தாள். பழைய காலண்டர்கள். ஏழு வருடத்தினுடையவை, சணலால் கட்டி வைத்திருந்தாள்.

"யார்னா ஒரு நாள் கேப்பாங்க இல்ல," என்றாள்.